முதல் ராத்திரி நம் வீட்டு வாசலில்

தை மாதம் ஐந்தாம் நாள் தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா. புதுச்சேரியின் பாகூர்ப் பக்கத்துச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்காகச் சோரியாங்குப்பம் ஆற்று மணலில் வந்து இறங்கும். செலியமேட்டில் எங்கள் தாத்தா வீட்டில் அதற்கு முதல் நாளே கூண்டு வண்டி தயாராகிவிடுமாம். ஆயா சொல்லிச் சொல்லியே அந்த வண்டியை நான் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. உள்ளே வைக்கோல் பரப்பி அதன்மேல் சமுக்காளம். வண்டிக்கு அடியில் கட்டித் தொங்கவிட்ட கோணியில் மாட்டுக்குத் தீவனம். பின்பக்கம் அரிக்கேன் விளக்கு, தவலை, அடுப்புக்கு மூன்று செங்கல். பிள்ளைகளும் பெண்களும் கூண்டுக்குள் படுக்க, ஆண்கள் வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுப்பார்கள். ஒரு குடும்பம் தன் வீட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்வந்தது.

இப்போது அதே தெருவில் என் மாமா வீட்டு வாசலில் ஒரு வேன் நிற்கிறது. நீளமான, உயரமான வேன். உள்ளே நான்கு பேர் படுக்கலாம். மடக்கு மேசை, சின்னத் தொட்டி, குழாய், அலமாரி எல்லாம் உண்டு. இதற்குக் கேரவன் என்று பெயர். நம்மில் பலருக்கு இந்தச் சொல் சினிமாப் படப்பிடிப்போடு வந்து சேர்ந்தது. நடிகர்கள் ஒப்பனை போட்டு ஓய்வெடுக்கும் வண்டி என்றுதான் நினைத்திருந்தோம். இன்று ஓய்வு பெற்றவர்களும், சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களும் சொந்தமாகவோ வாடகைக்கோ இதில் கிளம்புகிறார்கள். கேரளம் 2021-இல் ‘கேரவன் கேரளா’ என்று தனிக் கொள்கையே அறிவித்து, 2022 பிப்ரவரியில் வாகமண்ணில் முதல் கேரவன் பூங்காவைத் திறந்தது. கர்நாடகமும் மகாராஷ்டிரமும் தங்கள் சுற்றுலாத் திட்டங்களில் இதற்கு இடம் கொடுத்திருக்கின்றன. வண்டி வந்துவிட்டது. அதில் வாழ்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்கத்தான் பக்கத்தில் ஆள் இல்லை. மாமா குடும்பத்தோடு நானும் போய்ப் பட்டுத் தெரிந்துகொண்டதை, அடுத்து வாங்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

இரண்டு மணிக்கு நின்றுபோன விசிறி

முதல் பயணமே வேளாங்கண்ணி என்று முடிவு செய்தார் மாமா. நாலு பேர் படுக்கும் வண்டியில் ஆறு பேர். வண்டி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. கடலூர், சிதம்பரம், சீர்காழி தாண்டித் தரங்கம்பாடி போய்ச் சேரும்போதே இருட்டிவிட்டது. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டையைக் காலையில் பார்க்கலாம் என்று ஓரிடத்தில் வண்டியை நிறுத்திப் படுத்தோம். ராத்திரி இரண்டு மணிக்கு விசிறி நின்றது. பேட்டரி காலி. ஜன்னலைத் திறந்தால் கொசு, மூடினால் புழுக்கம். இருட்டில் விளக்கு ஸ்விட்ச் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. தண்ணீர்த் தொட்டியும் காலி, ஏனென்றால் சாயங்காலம் ஆளுக்கு ஒரு தடவை முகம் கழுவியதிலேயே பாதி போய்விட்டது. கழிவுத் தொட்டி நிரம்பி நாற்றம் உள்ளே ஏறியது. விடிந்ததும் கோட்டையை மட்டும் பார்த்துவிட்டு, வேளாங்கண்ணி போகாமலே திரும்பினோம்.

அத்தனையும் வீட்டு வாசலிலேயே தெரிந்திருக்க வேண்டியவை. அதனால் புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: வண்டி வந்த முதல் இரண்டு ராத்திரியை உங்கள் வீட்டு வாசலில், இல்லையென்றால் உங்கள் களத்துமேட்டில், வண்டிக்குள்ளேயே கழியுங்கள். வீட்டுக்குள் போகாதீர்கள். வீட்டுக் கரண்டை இழுக்காதீர்கள். சமைப்பது, குளிப்பது, தூங்குவது எல்லாம் வண்டியை நம்பியே நடக்கட்டும். தொட்டித் தண்ணீர் எத்தனை மணிக்குத் தீர்கிறது, பேட்டரி எத்தனை மணிக்கு நிற்கிறது, எந்தக் கதவு கிரீச்சிடுகிறது, யார் ராத்திரியில் எத்தனை தடவை எழுந்திருக்கிறார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். குறையிருந்தால் பத்தடி நடந்து சொந்தக் கட்டிலில் படுத்துக்கொள்ளலாம். தரங்கம்பாடியில் அந்த வசதி கிடையாது.

வாங்குவதற்கு முன்பே ஒருமுறை வாடகைக்கு எடுத்து இரண்டு நாள் போய்வருவது இன்னும் நல்லது. கல்யாணத்துக்கு முன் குடும்பம் பார்க்கிற மாதிரிதான் இதுவும். வாடகை வண்டி என்றால் வாடகைக்கென்று பதிவான நம்பர் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைப் பலகை உள்ள சொந்த வண்டியை வாடகைக்கு விடுவது சட்டப்படி செல்லாது. வழியில் ஏதாவது நடந்தால் காப்பீடு கைகொடுக்காது.

ஆர்.சி. புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது?

பழைய வேன் ஒன்றை வாங்கி, தெரிந்த பட்டறையில் இருக்கையைப் பிடுங்கிக் கட்டில் போட்டுக் கேரவன் ஆக்கிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஆசை எனக்கும் புரிகிறது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்ற அனுமதிப்பதில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. மோட்டார் கேரவன்களுக்கென்றே ஏ.ஐ.எஸ்-124 என்று தனித் தரவிதி இருக்கிறது. அதன்படி ஒப்புதல் வாங்கிய கட்டுமானமா, ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் வகை சரியாக ஏறியிருக்கிறதா என்பதைப் பணம் கொடுக்கும் முன் பாருங்கள். பிறகு காப்பீட்டு நிறுவனத்திடம் உள்ளே என்னென்ன பொருத்தியிருக்கிறது என்று எழுத்தில் கொடுங்கள். சொல்லாமல் பொருத்திய ஒரு பேட்டரியால் தீப்பிடித்தால் இழப்பீடு கேட்டுப் போராட வேண்டியிருக்கும்.

ஓட்டுநர் உரிமம் பற்றி நிறையக் குழப்பம். இலகு ரக வாகன உரிமம் 7,500 கிலோ வரைக்கும் செல்லும். அந்த உரிமத்தை வைத்திருப்பவர் அந்த எடைக்குள் உள்ள போக்குவரத்து வண்டியையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது. குடும்பங்கள் வாங்கும் வேன்கள் பெரும்பாலும் இந்த அளவுக்குள் அடங்கும். பெரிய பஸ்ஸை மாற்றிய கேரவன் என்றால் கனரக உரிமம் வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. செலியமேட்டிலிருந்து ஆற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. வடக்கே புதுச்சேரி நகரத்துக்குப் போனாலும் வழியில் ரெட்டிச்சாவடியில் தமிழ்நாடு ஒருமுறை எட்டிப் பார்க்கும். பி.ஒய். நம்பர் சொந்த வண்டிக்கு எல்லையில் பெர்மிட் தேவையில்லை. ஒரே வெளி மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வைத்திருந்தால்தான் மறுபதிவு. ஆனால் புதுச்சேரி மதுபானம் ஒரு பாட்டில்கூட வண்டியில் இருக்கக் கூடாது. ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் வேனைத் திறந்து பார்ப்பார்கள். கூட வரும் சொந்தக்காரர் பைக்குள் வைத்திருந்தாலும் மாட்டுவது உங்கள் வண்டி. கிளம்பும் முன் எல்லோரிடமும் வெட்கப்படாமல் கேளுங்கள்.

தண்ணீரின் எடை, கரண்டின் கணக்கு

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நூறு லிட்டர் தொட்டியை நிரப்பினால் நூறு கிலோ அரிசியைக் கூடுதலாக ஏற்றிய கணக்கு. அத்தை முதல் பயணத்தில் ஆட்டுக்கல் தவிர எல்லாவற்றையும் ஏற்றியிருந்தார். குக்கர் இரண்டு, இட்லிப் பானை, அரிசி பத்து கிலோ, ஊறுகாய் ஜாடி. மாமா தன் பங்குக்குக் கருவிப் பெட்டியும் இரும்பு நாற்காலிகளும் ஏற்றினார். வளைவில் வண்டி சாய்ந்தபோதுதான் அது எங்களுக்கு உறைத்தது. ஆட்களும் சாமானும் தண்ணீரும் நிரம்பிய நிலையில் ஒருமுறை எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். கரும்பு லாரிகளும் நெல் வண்டிகளும் எடை போடுகிற மேடை நம் பக்கத்தில் எங்கும் உண்டு. ஆர்.சி.யில் போட்டிருக்கும் மொத்த எடைக்குக் கீழே இருந்தால் கிளம்புங்கள். கனமான சாமான் கீழேயும் நடுவிலும் இருக்க வேண்டும், மேல் அலமாரியில் துணி மட்டும்.

கரண்டை வீட்டு இன்வெர்ட்டரை வைத்துப் புரிந்துகொள்வது எளிது. வீட்டில் இருக்கும் 150 ஆம்பியர்-மணி பேட்டரி, 12 வோல்ட்டில் 1,800 வாட்-மணி கொடுக்கும். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் குறையும், ஆகவே கைக்கு வருவது 900 வாட்-மணிதான். முப்பது வாட் விசிறிகள் இரண்டு எட்டு மணி நேரம் ஓடினால் 480. விளக்குகள், நாலு செல்போன், தண்ணீர் பம்பு எல்லாம் சேர்த்து இன்னும் இருநூறு. ஒரு ராத்திரி தாங்கும். அதே பேட்டரியில் ஆயிரம் வாட் ஏசியைப் போட்டால் ஒரு மணி நேரம்கூட ஓடாது. தரங்கம்பாடியில் நாங்கள் ஏசி போடவில்லை. மிக்சி ஓட்டினோம், லேப்டாப்பில் படம் பார்த்தோம், எல்லா போனையும் சார்ஜ் போட்டோம், கூரை விளக்கு முழுக்க எரிந்தது. கூட்டிப் பார்த்தால் இரண்டு மணிக்கு நின்றதில் அதிசயம் இல்லை. லித்தியம் பேட்டரியும் கூரையில் சூரியத் தகடும் போட்டால் நிலைமை நன்றாக மாறும். ஆனாலும் ஏசி ஓட வேண்டுமென்றால் வெளியில் பிளக் பாயிண்ட் உள்ள இடத்தில் நிறுத்துவதுதான் வழி. அதனால் பங்குனி பாதிக்கு மேல் நம் சமவெளியில் கேரவன் பயணம் வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. கத்திரி வெயிலில் தகரக் கூண்டு அடுப்பாகிவிடும். நிறுத்திய வண்டிக்குள் குழந்தையையோ வயதானவரையோ ஐந்து நிமிடம்கூடத் தனியாக விட்டுப் போகக் கூடாது. தையும் மாசியும் நமக்கு ஏற்ற காலம்.

தீயும் மூச்சும்

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில் மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்தது. லக்னோவிலிருந்து ராமேஸ்வரம் யாத்திரை வந்தவர்கள். விதிக்கு மாறாக உள்ளே எடுத்து வந்த எரிவாயு சிலிண்டரில் சமைக்கும்போது பற்றிய தீயில் ஒன்பது பேர் இறந்தார்கள். அது ரயில் பெட்டி. ஆனால் ஆட்கள் தூங்கும் இடம், அதே இடத்தில் அடுப்பு, அதே இடத்தில் சிலிண்டர் என்ற அமைப்பு கேரவனுக்கும் அப்படியே பொருந்தும். யாத்திரைக்கு வேன் எடுத்துப் போகும்போது இருக்கைக்கு அடியில் சிலிண்டரை உருட்டி வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் வெகுநாளாக இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும்.

சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் படுத்துக் கிடக்கும். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்கு அடியில் குளம் போலத் தேங்கும். காலையில் எழுந்து ஒரு ஸ்விட்சைத் தட்டினால் போதும். அதனால் சிலிண்டருக்கு வெளியிலிருந்து மட்டும் திறக்கும் தனி அறை வேண்டும், அந்த அறையின் அடியில் காற்று வெளியேற ஓட்டை வேண்டும். ஓடும்போது வால்வு மூடியிருக்க வேண்டும். இன்னும் நல்லது, சமையலை வண்டிக்கு வெளியே வைத்துக்கொள்வது. ஒரு மடக்கு மேசை, காற்றுத் தடுப்பு, சின்ன அடுப்பு. மரத்தடியில் சமைப்பதில் உள்ள சுகம் உள்ளே கிடையாது. தீயணைப்பான் ஒன்று ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்திலும் மற்றொன்று பின்கதவுக்குப் பக்கத்திலும் இருக்கட்டும். அதன் ஊசியை எப்படி இழுப்பது என்று பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிய வேண்டும்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாதது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். காயம் இல்லை, சண்டை இல்லை. ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை வண்டிக்குள் கசிந்திருந்தது. அதில் இருந்த கார்பன் மோனாக்சைடுதான் உயிரைக் குடித்தது என்று விசாரணையில் தெரிந்தது. இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. தலை லேசாக வலிக்கும், தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், எழுந்திருக்க முடியாமல் போகும். தூங்கும்போது ஜெனரேட்டர் ஓடக் கூடாது. எஞ்சினை ஓடவிட்டு ஏசியில் தூங்கவும் கூடாது. மூடிய வண்டிக்குள் கரி அடுப்பு, கொசுவுக்குப் புகைச்சட்டி எதுவும் கூடாது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் படுக்கை உயரத்தில் பொருத்துங்கள். திரைச்சீலைக்கும் மெத்தை உறைக்கும் செலவழிக்கும் குடும்பம் இந்த ஒன்றை மறந்துவிடுவது எனக்குப் பெரிய வருத்தம்.

ஓடும் வண்டியில் கட்டிலில் படுத்து வருவதும் ஆபத்துதான். வேன் என்றாலே பின்னால் கால் நீட்டிப் படுப்பது நம் வழக்கம். அவசரமாக பிரேக் போட்டால் படுத்திருப்பவரைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. வண்டி நகர்ந்தால் எல்லோரும் பெல்ட் உள்ள இருக்கையில். தூக்கம் வந்தால் நிறுத்தித் தூங்குங்கள், உங்களுக்குத்தான் கட்டில் கூடவே வருகிறதே.

அத்தை சொன்ன ஒரு வார்த்தை

தரங்கம்பாடியிலிருந்து திரும்பிய பிறகு மாமா அடுத்த பயணத்துக்கு நாள் குறித்தார். அத்தை வாயே திறக்கவில்லை. நான் அடுப்படியில் போய், “ஏன் அத்தை, நீங்க வரலையா?” என்று கேட்டேன்.

“நீங்க போய்ட்டு வாங்க கண்ணு. எனக்கு வீட்ல இருந்தாலும் அடுப்படிதான், வண்டியில வந்தாலும் அடுப்படிதான். லாட்ஜுல தங்கினாலாவது ரெண்டு நாள் காபி என் கைக்கு வரும்.”

அந்த வார்த்தையை இப்போது நினைத்தாலும் உறுத்துகிறது. நாங்கள் எல்லோரும் ஊர் சுற்றினோம் என்று நினைத்திருந்தோம். அத்தை காலை ஐந்து மணிக்குக் குனிந்து நிமிர முடியாத இடத்தில் தேங்காய் துருவியிருந்தார். கோட்டை பார்க்க நாங்கள் இறங்கியபோதும் அவர் பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். வீட்டை எடுத்துக்கொண்டு போகிறோம் என்று பெருமையாகச் சொல்கிறோம். வீட்டு வேலையும் அதே ஆளின் தலையில்தான் கூடவே வருகிறது.

அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு செய்தோம். முதல் நாளுக்குக் கட்டுச்சோறு. புளியோதரை, மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, வறுத்த மோர்மிளகாய், எல்லாம் வீட்டிலேயே எல்லோரும் சேர்ந்து கட்டுவது. இரண்டாம் நாள் காலை ஊர்க் கடையில் பலகாரம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு வேளை வண்டியில் சமையல், அதுவும் சோறு, ரசம், அப்பளம் என்கிற அளவில், மாமாவும் பிள்ளைகளும் செய்ய வேண்டும். அத்தை சொல்லித் தருவார், கை வைக்க மாட்டார். பாத்திரம் கழுவுவது, தண்ணீர் நிரப்புவது, கழிவு கொட்டுவது மூன்றும் ஆண்கள் வேலை. அடுத்த பயணத்தில், பிச்சாவரத்தில் மாமா வைத்த ரசத்தில் புளி ஏறிப்போனது. அத்தை அதை ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்த சிரிப்பை அந்த வண்டி அதுவரை கேட்டதில்லை.

வயதானவர்களைப் பற்றியும் ஒரு சொல். கேரவனின் படி உயரம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது மலை. ஆயா ஏறிய பிறகு இறங்கவே மறுத்தார், திரும்ப ஏற வேண்டுமே என்ற பயத்தில் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டார். இரண்டு படி உள்ள இரும்பு ஏணியும், கதவுப் பக்கம் ஒரு கைப்பிடியும் போட்டதும் அது தீர்ந்தது. வண்டிக்குள் விளையாட்டுச் சாமான் சேர்க்கும் முன் இந்தக் கைப்பிடியைப் போடுங்கள்.

எங்கே நிறுத்துவது

பிச்சாவரம் எங்களுக்கு முதல் நல்ல பயணமானதற்குக் காரணம், அது பக்கம். செலியமேட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஏதாவது கெட்டுப்போனால் கடலூரில் மெக்கானிக் உண்டு, சிதம்பரத்தில் ஆஸ்பத்திரி உண்டு. முதல் நான்கைந்து பயணம் இந்தத் தூரத்துக்குள்ளேயே இருக்கட்டும். அதன் பிறகு கங்கைகொண்ட சோழபுரம், பிறகு காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி. மலை கடைசியில்தான். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் நீள வண்டியைத் திருப்புவது பழகிய கைகளுக்கே சோதனை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வாங்க வேண்டும். பந்திப்பூர் வழியாகப் போகும் காட்டுச் சாலை இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை மூடியிருக்கும். காட்டுக்குள் எங்கும் நிறுத்தித் தூங்கக் கூடாது.

இருட்டும் முன் நிறுத்தும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். நாலு மணிக்கு மேல் ஓட்டுவதில்லை என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். தேசிய நெடுஞ்சாலையின் ஓரத்தில் ஒருபோதும் நிறுத்திப் படுக்காதீர்கள். நின்ற லாரியின் பின்னால் மோதிய செய்தி வாராவாரம் வருகிறது, நின்ற கேரவனுக்கும் அதே ஆபத்து. ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும் பெட்ரோல் பங்க், பெரிய கோயில்களின் வாகன நிறுத்துமிடம், வளாகம் உள்ள விடுதி, தெரிந்தவர் வீட்டுக் களம் ஆகியவை நல்லவை. எதுவானாலும் உரியவரிடம் கேட்டு, பணம் கேட்டால் கொடுத்து நிறுத்துங்கள். ஊருக்குள் நுழையும்போது தாழ்ந்து தொங்கும் மின்கம்பி, புளியங்கிளை, வரவேற்பு வளைவு மூன்றையும் பாருங்கள். வண்டியின் உயரத்தைக் கூரை ஏசியோடு சேர்த்து அளந்து, ஸ்டியரிங் பக்கத்தில் எழுதி ஒட்டிவையுங்கள். ரயில்வே சுரங்கப்பாதையில் அந்த எண்தான் காப்பாற்றும். பின்னால் எடுக்கும்போது ஒருவர் இறங்கி நின்று சைகை காட்ட வேண்டும். கத்துகிற ஆள் ஒருவர் போதும். நாலு பேர் கத்தினால் சுவர் இடிக்கும்.

ஆற்றங்கரை அழகுதான். ஆனால் 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் தென்பெண்ணை நம் ஊர்ப் பக்கம் என்ன செய்தது என்பதை நாம் மறக்க முடியாது. சாத்தனூர் அணை திறந்த தண்ணீர் வயலிலும் வீட்டிலும் புகுந்தது. அதே மழையில் மேலே ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டி, ஏரி நிரம்பி, சாலையில் நிறுத்தி வைத்திருந்த வேன்களையும் கார்களையும் அடித்துக்கொண்டு போனது. கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து வரும் ஆறு இது. நம் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும் மேலே பெய்த மழை ராத்திரியில் வந்து சேரும். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்று மணலிலும் ஏரி உள்வாயிலும் வண்டியை இறக்காதீர்கள். மேட்டில், ஊர்ப் பக்கம் பார்த்து, முன்னோக்கி ஓட்டிப் புறப்படும் வகையில் நிறுத்துங்கள்.

கொம்யூனுக்கு ஒரு கோரிக்கை

கடைசியாக, யாரும் பேச விரும்பாத கழிவு. கேரவனில் இரண்டு வகை உண்டு. குளியல், பாத்திரம் கழுவிய தண்ணீர் ஒரு தொட்டியில். கழிப்பறைக் கழிவு தனியாகக் கழற்றி எடுக்கும் பெட்டியில். முதல் வகையைச் சோப்பு குறைவாகப் போட்டுச் சமாளிக்கலாம். இரண்டாவதை எங்கே கொட்டுவது? இதுதான் நம் நாட்டில் கேரவன் பயணத்தின் பெரிய ஓட்டை. கழிவு இறக்கும் இடம் சாலைகளில் கிடையாது. சிலர் இருட்டில் வாய்க்காலில் திறந்துவிடுகிறார்கள். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வரும் தண்ணீரில்தான் இங்கே நெல் விளைகிறது. புதுச்சேரியின் இரண்டாவது பெரிய ஏரி அது. அதில் ஒரு பெட்டிக் கழிவு கலப்பதற்கு எந்தச் சுற்றுலாவும் ஈடாகாது. நாங்கள் வண்டிக் கழிப்பறையை ராத்திரி அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பகலில் பெட்ரோல் பங்க், கோயில், விடுதிக் கழிப்பறைகளைப் பயன்படுத்துகிறோம். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து செப்டிக் டேங்கில்தான் கொட்டுகிறோம். அதனால் மூன்று நாளுக்கு மேல் வெளியே தங்குவதில்லை.

பாகூரிலும் வில்லியனூரிலும் பிரான்சில் சொந்தக்காரர் இல்லாத தெரு குறைவு. அங்கே இந்த வண்டிக்குக் ‘கேம்பிங்-கார்’ என்று பெயர். சின்னச் சின்னக் கிராமங்களில்கூட அந்த வண்டிகளுக்கென்று ஓரிடம் ஒதுக்கி, நல்ல தண்ணீர் பிடிக்கக் குழாயும் கழிவு இறக்கத் தொட்டியும் வைத்திருக்கிறார்கள். பல ஊர்களில் அதைச் செய்து கொடுப்பது அந்த ஊர்க் கொம்யூன். 1880-இல் பிரெஞ்சு ஆட்சி இங்கே கொண்டுவந்த அதே கொம்யூன் என்ற சொல்லைத்தான் நாம் இன்றும் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து என்று பலகையில் எழுதி வைத்திருக்கிறோம்.

தமிழ் மண்ணுக்கும் இது புதிதல்ல. வழிப்போக்கருக்குத் தண்ணீரும் தங்க இடமும் கொடுக்கச் சத்திரம் கட்டியவர்கள் நாம். ஒரத்தநாட்டில் 1802-இல் சரபோஜி மன்னர் கட்டிய முத்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. அவ்வளவு பெரிதாக யாரும் கேட்கவில்லை. பாகூர் ஏரிக்கரைக்கு எட்டவே மேட்டுப் பாங்கான ஓரிடம், ஒரு தண்ணீர்க் குழாய், இரண்டு பிளக் பாயிண்ட், செப்டிக் டேங்கோடு சேர்ந்த ஒரு கழிவுத் தொட்டி, ராத்திரி ஒரு விளக்கு. கட்டணம் வாங்கட்டும், சந்தோஷமாகக் கொடுப்போம். வண்டியில் வருகிறவர்கள் இங்கே இட்லி சாப்பிடுவார்கள், மூலநாதர் கோயிலைப் பார்ப்பார்கள், காய்கறி வாங்குவார்கள். பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தும் புதுச்சேரி சுற்றுலாத் துறையும் சேர்ந்து இந்த ஒன்றைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதுவரை, புதிதாக வண்டி வாங்கியவர்கள் யாராவது இந்தப் பக்கம் வந்தால் வாய்க்காலைத் தொடாதீர்கள். செலியமேட்டில் எங்கள் மாமா வீட்டு வாசலில் இன்னொரு வண்டிக்கு இடம் இருக்கிறது.